பொம்மைச் செங்கல் தந்த தச்சர்



சாதித்த மனிதர் பகுதிக்கு இந்த முறை என் பெயர் வந்திருக்கிறது. விஞ்ஞானிகள், தலைவர்கள் எல்லோரையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் நான் ஒரு தச்சு ஆசாரியை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென். பேரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் லெகோ என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி வீடு, கார், கோட்டை எல்லாம் கட்டுவோமே, அந்தப் பிளாஸ்டிக் செங்கல் பொம்மை அவர் கம்பெனியில் செய்வதுதான். அதோடு ஒரு மஞ்சள் முகக் குட்டி மனிதனும் வருவான். உயரம் சுமார் 4 சென்டிமீட்டர்தான், சுண்டுவிரல் அளவு.

அந்தச் சுண்டுவிரல் மனிதனைத் தனியாகவே விற்கிறார்கள். ஒன்று சில நூறு ரூபாய்! எங்கள் ஆயா ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வாங்கும் கூலி அது. அதைக் குழந்தைகள் மட்டும் இல்லை, பெரியவர்களும் வாங்கி வரிசையாக அடுக்குகிறார்கள். ஏன் இப்படி விற்கிறது? இந்தக் கேள்விதான் என்னை இவர் கதைக்குள் இழுத்துக்கொண்டு போனது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் குட்டி மனிதன் பிறப்பதற்கு 20 வருடம் முன்பே ஓலே கிர்க் இறந்துவிட்டார். இருந்தாலும் பதில் அவருடைய பட்டறையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓலே கிர்க் 1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் டென்மார்க் நாட்டில் ஃபில்ஸ்கோவ் என்ற கிராமத்துக்கு அருகே பிறந்தார். வீட்டில் நிறைய பிள்ளைகள், நிறைய வறுமை. சின்ன வயதில் ஆடு மாடு மேய்த்தார். பிறகு தன் அண்ணனிடமே தச்சு வேலை கற்றுக்கொண்டார். ஜெர்மனிக்கும் நார்வேக்கும் போய் வேலை பார்த்துவிட்டு, சேர்த்த காசில் 1916 இல் பில்லுண்ட் என்ற ஊரில் ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார். அதே வருடம் கிறிஸ்டின் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பில்லுண்ட் என்றால் ஏதோ பெரிய நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது அது சுற்றிலும் பொட்டல் காடும் நடுவில் சில வீடுகளும் இருந்த குக்கிராமம். சிப்காட் வருவதற்கு முன்னால் நம்ம ஊர் எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், ஏறக்குறைய அப்படித்தான்.

அங்கே கதவு, ஜன்னல், விவசாயிகளுக்கு வீடு, மாட்டுக் கொட்டகை என்று செய்து பிழைத்தார். நாலு மகன்கள் பிறந்தார்கள். 1924 இல் சின்னப் பையன்கள் இரண்டு பேர் பட்டறையில் கோந்து காய்ச்சும் அடுப்பைப் பற்ற வைக்கப் போய், மரச்சீவலில் தீப்பிடித்துவிட்டது. பட்டறையும் எரிந்தது, வீடும் எரிந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவன் காட்ஃபிரெட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவான். வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் முன்பைவிடப் பெரிதாக ஒரு கட்டடம் கட்டினார்.

அதற்கப்புறம்தான் பெரிய அடி விழுந்தது. 1929 இல் அமெரிக்காவில் ஆரம்பித்த பொருளாதார மந்தம் டென்மார்க் விவசாயிகளையும் சாய்த்தது. அவர்கள் கையில் காசு இல்லை என்றால் தச்சருக்கு ஏது வேலை? கூட வேலை செய்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்த வேண்டியதாயிற்று. 1932 இல் மனைவி கிறிஸ்டின் இறந்துபோனார். நாலு பையன்கள், வேலை இல்லாத பட்டறை, கடன்.

மிச்சம் கிடந்த மரத்தில் சின்னச் சின்னச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். ஏணி, முக்காலி, துணி இஸ்திரி போடும் பலகை. அதோடு மரப் பொம்மையும். ஒரு மொத்த வியாபாரி கிறிஸ்துமஸுக்கு என்று நிறைய பொம்மை கேட்டார். ராத்திரி பகலாகச் செய்து முடித்தபோது அந்த வியாபாரியே திவால் ஆகிவிட்டார். ஓலே கிர்க் பொம்மைகளை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். விவசாயிகள் சில சமயம் காசுக்குப் பதிலாக வீட்டில் விளைந்ததைக் கொடுத்துப் பொம்மை வாங்கினார்கள். கடனுக்கு ஜாமீன் போட வந்த கூடப் பிறந்தவர்கள் இந்தப் பொம்மை வேலையை விட்டுவிட்டு ஏதாவது உபயோகமானதைச் செய்யச் சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி பொம்மைதான் செய்தார். 1930களின் நடுவில் கம்பெனிக்கு லெகோ என்று பேர் வைத்தார். டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள் வரும் இரண்டு சொற்களின் சுருக்கம் அது.

இப்போது பம்பரம் மாதிரி ஒரு விஷயம் சொல்கிறேன். யோ-யோ தெரியும்தானே? கயிற்றில் ஏறி இறங்கும் வட்டு. 1930களின் தொடக்கத்தில் ஐரோப்பா முழுக்க யோ-யோ பைத்தியம் பிடித்தது. ஓலே கிர்க்கும் யோ-யோ செய்து தள்ளினார். செய்தது எல்லாம் விற்றது. திடீரென்று ஒரு நாள் அந்தப் பைத்தியம் தெளிந்துவிட்டது! பட்டறையில் யோ-யோ குவியலாகக் கிடந்தது, சீண்ட ஆள் இல்லை. நம்மிடமும் இது உண்டு. ஒரு வருடம் எல்லோர் கையிலும் சுழலும் ஸ்பின்னர் இருந்தது, அடுத்த வருடம் யாரிடமும் இல்லை. ஓலே கிர்க் அந்த யோ-யோக்களைத் தூக்கிப் போடவில்லை. நடுவில் இரண்டாக அறுத்தார். பாதி வட்டுகள் மர வண்டிகளுக்குச் சக்கரம் ஆகின.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. ஆசையில் வாங்கும் பொருள் ஆசை தீர்ந்ததும் செத்துவிடுகிறது. அதே பொருள் இன்னொன்றோடு சேர்ந்தால் பிழைத்துக்கொள்கிறது. அந்தக் குட்டி மனிதன் விஷயத்திலும் இதுதான் நடந்தது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது வாத்துக் கதை. 1930களில் அவர் செய்த இழுத்து விளையாடும் மர வாத்து நன்றாக விற்றது. (பக்கத்தில் நான் வரைந்திருப்பது அந்த வாத்துதான். மூக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது.) வாத்துக்கு மூன்று கோட்டு வார்னிஷ் அடிப்பது வழக்கம். ஒரு தடவை மகன் காட்ஃபிரெட் இரண்டு கோட்டு மட்டும் அடித்து, பெட்டி கட்டி ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அப்பாவிடம் வந்து காசு மிச்சம் பிடித்ததைப் பெருமையாகச் சொன்னான். அப்பா பாராட்டவில்லை. உடனே போய்ப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாவது கோட்டையும் அடித்து அனுப்ப வைத்தார், அதுவும் தனி ஆளாக, ராத்திரியோடு ராத்திரியாக. வாங்கும் குழந்தைக்கு இரண்டா மூன்றா என்று தெரியவா போகிறது? தெரியாது. அதனால்தான் இது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

1940 இல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டது. 1942 இல் தொழிற்சாலை மறுபடியும் எரிந்தது. பொம்மை வரைபடங்கள், அச்சுகள், இருப்பு எல்லாம் போயிற்று. அவருக்கு அப்போது 50 வயதைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த ஊர் ஆட்கள் அவரை நம்பி இருந்தார்கள். மறுபடியும் கட்டினார்.

யுத்தம் முடிந்ததும் 1946 இல் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றும் ஒரு மிஷினுக்குப் பெரிய பணம் போட்டார். மரத்தச்சருக்கு இது என்ன வேலை என்று சிரித்தவர்கள் உண்டு. இந்த மோல்டிங் மிஷின் நம்ம பக்கத்துக்குப் புதிதில்லை. எங்கள் சித்தி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அந்த மிஷின் பக்கத்தில்தான் நிற்கிறார். குருணை மாதிரி பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டுவார்களாம், சூட்டில் உருகி அச்சுக்குள் போய்ச் சில விநாடிகளில் பொருளாக விழுமாம். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவுவதுதான் சித்தி வேலை. அச்சு தேய்ந்தால் பிசிறு அதிகமாகும், மூடி சரியாகப் பொருந்தாது, மேஸ்திரி கத்துவார் என்று சொல்வார். அச்சுதான் எல்லாம்! லெகோவின் அச்சில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. சித்தியிடம் சொன்னேன், நம்பவில்லை.

இனிமேல் சொல்லப் போவது அவருக்குப் பெருமை சேர்ப்பது இல்லை, ஆனாலும் எழுத வேண்டும். பொருத்தும் பிளாஸ்டிக் செங்கல்லை முதலில் யோசித்தவர் ஓலே கிர்க் இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் அதைச் செய்து விற்றார். அதன் மாதிரி ஓலே கிர்க் கைக்கு வந்தது. கொஞ்சம் மாற்றி 1949 இல் தன் செங்கல்லை வெளியிட்டார். பேஜ் 1957 இல் இறந்துவிட்டார். அந்தக் கிட்டிகிராஃப்ட் செங்கல்லின் உரிமையை லெகோ கம்பெனி காசு கொடுத்து வாங்கியது 1981 இல். வாத்துக்கு மூன்றாவது கோட்டு அடிக்க வைத்த மனிதர் இதில் மட்டும் ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை? எனக்குப் புரியவில்லை.

அந்த முதல் செங்கல் சரியாக விற்கவும் இல்லை. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே வெறும் குழியாக இருந்ததால் அடுக்கினால் நிற்கும், தட்டினால் விழும். 1954 இல் காட்ஃபிரெட் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஒரு பெரிய கடைக்குச் சாமான் வாங்கும் அதிகாரியோடு பேச்சு வந்தது. பொம்மை வியாபாரத்தில் ஒரு ஒழுங்கே இல்லை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த அதிகாரி அலுத்துக்கொண்டார். காட்ஃபிரெட் அதைப் பிடித்துக்கொண்டார். தங்களிடம் இருந்த 200க்கும் மேற்பட்ட பொம்மைகளில் செங்கல்தான் ஒன்றோடு ஒன்று சேரக்கூடியது என்று கண்டார். 1955 இல் வீடு, சாலை, வண்டி எல்லாம் சேர்ந்த ஒரு ஊராகவே விற்றார்கள். 1958 ஜனவரி 28 அன்று செங்கல்லின் அடியில் குழாய் வைத்த புதிய அமைப்புக்குக் காப்புரிமை கேட்டார்கள். மேல் செங்கல்லின் குழாய் கீழ்ச் செங்கல்லின் குமிழ்களைக் கவ்விக்கொள்ளும். ஆட்டினாலும் விழாது, பிள்ளை இழுத்தால் வந்துவிடும்.

அதற்கு ஆறு வாரம் கழித்து, 1958 மார்ச் 11 அன்று, ஓலே கிர்க் காலமானார். வயது 66.

இங்கே கதை முடியவில்லை, ஏனென்றால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. 1958 இல் செய்த செங்கல் இன்று வாங்கும் செங்கல்லோடு பொருந்தும். யோசித்துப் பாருங்கள், தாத்தாவின் பொம்மையும் பேரனின் பொம்மையும் சேரும்! அதனால் ஒரு டப்பா வாங்கினவர் இரண்டாவதும் வாங்குவார். பழையது வீணாகவில்லை, பெரிதாகிறது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறச் செங்கல் ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். (கணக்கு சார், இதைச் செய்து பார்க்கச் சொல்லிவிடாதீர்கள்.)

1978 இல் ஜென்ஸ் நைகார்ட் நுட்சென் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில் அந்தக் குட்டி மனிதன் பிறந்தான். மஞ்சள் முகம், இரண்டு புள்ளிக் கண், ஒரு சிரிப்பு. எந்த நாட்டு ஆள் என்று சொல்ல முடியாத மாதிரி மஞ்சள் நிறம் வைத்தார்கள். அவனுடைய பாதத்திலும் அதே ஓட்டை, தலையிலும் அதே குமிழ், அதனால் எல்லாச் செங்கல்லோடும் சேர்வான். அதுவரை காலியாக இருந்த வீட்டில் ஆள் வந்துவிட்டது. ஆள் வந்தால் கதை வருகிறது, போலீஸ் வேண்டும், திருடன் வேண்டும், ராஜா வேண்டும். ஒரு ஆளை வாங்கினால் அவனுக்குச் சண்டை போட இன்னொரு ஆளும் வேண்டுமே! 1999 முதல் ஸ்டார் வார்ஸ் போன்ற சினிமாக்காரர்களும் குட்டி மனிதர்களாக வந்தார்கள். படம் பார்த்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள்.

ஆனாலும் 2003, 2004 வாக்கில் கம்பெனி பெரிய நஷ்டத்தில் விழுந்தது. வேறு வேறு வடிவத்தில் துண்டுகளைச் செய்துகொண்டே போனதும் அதற்கு ஒரு காரணம். பிறகு வகைகளைக் குறைத்து, செங்கல் பக்கம் திரும்பித்தான் எழுந்தார்கள்.

2010 இல்தான் குட்டி மனிதனைத் தனியாக, உள்ளே யார் என்று தெரியாத மூடிய பையில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். ஒரு வரிசையில் 16 பேர், பின்னால் 12 பேர். இது எப்படி வேலை செய்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். பெட்டிக்கடையில் உள்ளே பொம்மை இருக்கும் தின்பண்டப் பாக்கெட்டை ஏழாம் வகுப்புப் பையன்கள் தடவித் தடவி அமுக்கிப் பார்ப்பார்களே, வெளிநாட்டில் பெரியவர்களும் அதையேதான் செய்தார்கள்! கத்தி இருக்கிறதா, தொப்பி இருக்கிறதா என்று விரலாலேயே கண்டுபிடிப்பார்களாம். 2023 இல் பையை அட்டைப்பெட்டியாக மாற்றிவிட்டார்கள், தடவும் வேலை போயிற்று. 2013 இல் தங்க நிறத்தில் ஒரு மனிதனை உலகம் முழுக்க 5,000 மட்டும் செய்து பைகளுக்குள் ஒளித்து வைத்தார்கள். 5,000 தான் என்று தெரிந்ததும் அதன் விலை எங்கேயோ போய்விட்டது.

வரிசையில் ஒன்று குறைந்தால் மனசு என்ன பாடு படும் என்பது கொலு வைக்கும் வீட்டில் தெரியும். தசாவதாரம் செட்டில் பத்தும் இருக்க வேண்டும், மச்சாவதாரம் உடைந்துவிட்டால் அதே அளவில், அதே சாயலில் தேட வேண்டும். வருடம் ஒரு புதுப் பொம்மையாவது வைக்க வேண்டும் என்பதும் வழக்கம். காஞ்சிபுரத்திலும் பண்ருட்டியிலும் பொம்மை செய்கிறவர்களின் அடுப்பு இந்த வழக்கத்தில்தான் எரிகிறது. ஆனால் கொலுப் பொம்மைக்காரர் பொம்மையைக் காட்டித்தான் விற்கிறார். கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மூக்கு முழி சரியா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். மூடிய பையில் ஏற்கெனவே இருக்கிற பொம்மையே வந்தால் அந்தக் காசு என்ன ஆகும்? மாற்றிக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். பணக்காரப் பிள்ளைக்கு அது விளையாட்டு. ஒன்றே ஒன்று வாங்க முடிகிற பிள்ளைக்கு அது சீட்டாட்டம். மூன்றாவது கோட்டு அடிக்கச் சொன்னவர் உயிரோடு இருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாரா என்று எங்கள் தெருவில் கேட்டேன். யோ-யோ விற்றவர்தானே, சம்மதித்திருப்பார் என்கிறான் என் தம்பி. நான் மாட்டார் என்கிறேன். இன்னும் தீரவில்லை.

தம்பியிடம் ஏழு குட்டி மனிதர்கள் இருக்கிறார்கள். எல்லாம் ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போனபோது கடையில் வாங்கியது, அசல் இல்லை, அதே மாதிரி வேறு யாரோ செய்தது. இரண்டு பேருக்குத் தலை நிற்காது, நூல் சுற்றி வைத்திருக்கிறான். ஒருவனுக்குக் கை கழன்றுவிடும். நான் இந்தக் கட்டுரைக்காக ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தேன். போன வருடம் வாங்கியவனின் தலை இந்த வருடம் வாங்கியவன் கழுத்தில் ஏறவே இல்லை. அப்போதுதான் அந்தச் சில நூறு ரூபாயில் எவ்வளவு அச்சுக்குப் போகிறது, எவ்வளவு பேருக்கும் சினிமாவுக்கும் போகிறது என்று யோசித்தேன். இரண்டும் இருக்கிறது. ஒளித்து வைப்பதால் முதல் பொம்மை விற்கலாம். பொருந்தவில்லை என்றால் இரண்டாவது பொம்மையைக் கேட்க ஆள் வராது. தம்பி இந்த ஆடிக்கு வேறு ஏதோ கார் வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

பில்லுண்டில் 1924 தீவிபத்துக்குப் பிறகு ஓலே கிர்க் கட்டிய வீடு இன்னும் இருக்கிறது. வாசலில் இரண்டு சிங்கச் சிலைகள் உட்கார்ந்திருக்கும். 1960 இல் மரப் பொம்மைக் கிடங்கு மறுபடி எரிந்தபோது மகன் காட்ஃபிரெட் மரப் பொம்மையையே நிறுத்திவிட்டார். அப்பா கடைசிவரை மரத்தை விடாமல் இருந்தவர்.

தோழர் தோழிகளே, வீட்டில் பொருத்தும் செங்கல்லோ குட்டி மனிதனோ, அசலோ வேறு கம்பெனியோ எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் வேப்பமரத்தடிக்குக் கொண்டு வாருங்கள். எதோடு எது சேருகிறது என்று பார்த்து அடுத்த இதழில் அட்டவணையாகப் போடுகிறேன். பெயர் எழுதிய காகிதத்தோடு கொடுங்கள், பொருள் பத்திரமாகத் திரும்ப வரும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேர்வாய் கண்டிகை